கார்ட்டியரா, கடைவீதியா, பத்தரா? தள்ளுபடி இல்லாத நகையில் மிச்சம் பிடிக்கும் வழிகள்

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு வெளிநாட்டு பிராண்டு ஷூ பாதி விலைக்குக் கிடைப்பது புதிதில்லை. ஏற்றுமதிக்குத் தைத்ததில் அளவு மிஞ்சியிருக்கும், தையல் கொஞ்சம் கோணியிருக்கும், ஆர்டர் ரத்தாகியிருக்கும். ஏதோ ஒரு காரணத்தால் சரக்கு உள்ளூர்க் கடைக்கு வந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் பலர் கேட்கிறார்கள், வெளிநாட்டு ஆடம்பர பிராண்டுகளான கார்ட்டியரின் வளையலும் டிஃபனியின் மோதிரமும் எப்போது தள்ளுபடிக்கு வரும் என்று. வராது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஏன் வராது என்று புரிந்தால், மிச்சத்தை எங்கே தேட வேண்டும் என்பதும் புரியும்.

ஷூவுக்குக் கெடு உண்டு. வைத்திருந்தால் சோல் ஒட்டு விட்டுப்போகும், அடுத்த சீசனில் மாடல் பழசாகும், நடு அளவுகள் விற்றுப்போய் 39ம் 46ம் மூலையில் குவியும். கடைக்காரருக்கு இடம் வேண்டும், விலையைக் குறைத்தே ஆக வேண்டும். தங்கத்துக்கு இந்த நெருக்கடி எதுவும் இல்லை. விற்காத நகையை உருக்கினால் உலோகம் திரும்பி வரும், கல்லைக் கழற்றி வேறொன்றில் பதிக்கலாம். மாடலும் பழசாவதில்லை. ஆறு நகம் பிடித்த டிஃபனியின் வைர மோதிரம் 1886இல் வந்தது. வான் கிளீஃப் அண்ட் ஆர்பல்ஸின் நாலிதழ் அல்ஹாம்ப்ரா மாலை 1968இல், திருப்புளியால் முடுக்கிப் போடும் கார்ட்டியரின் லவ் வளையல் 1969இல். இன்றைக்கும் அந்தக் கடைகளில் ஆள் வந்து பெயர் சொல்லிக் கேட்பது இவற்றைத்தான். அறுபது வருடமாக ஓடுகிற மாடலைக் கழித்துக்கட்ட யாருக்கு என்ன அவசரம்?

அடுத்தது, விற்பது யார் என்பது. கார்ட்டியரும் வான் கிளீஃபும் ரிஷ்மோன் குழுமத்தின் கையில். புல்காரியும், 2021 ஜனவரியிலிருந்து டிஃபனியும் எல்விஎம்எச் குழுமத்தின் கையில். நகையை இவர்கள் பெரும்பாலும் சொந்தக் கடையிலேயே விற்கிறார்கள். இடையில் ஏஜென்சிக்காரர் இருந்தால்தானே அவர் தன் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பக்கத்துக் கடையோடு போட்டி போடுவார். இங்கே அந்த ஆளே இல்லை.

மூன்றாவது காரணம் பில்லில் இருக்கிறது, நம் ஊர் வாசகர் கவனிக்க வேண்டியதும் இதைத்தான். வேலூர் லாங் பஜாரில் ஒரு நெக்லஸ் வாங்கினால் பில்லில் எடை, அன்றைய கிராம் விலை, சேதாரம், செய்கூலி, கல் விலை, ஜி.எஸ்.டி. எல்லாம் தனித்தனி வரி. கிராம் விலை காலையிலேயே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுவதால் கடைக்காரர் அதில் கை வைக்க முடியாது. சேதாரத்தில்தான் கூட்டவும் குறைக்கவும் இடம். அதனால்தான் நம் ஊர்த் தள்ளுபடி எல்லாமே ‘செய்கூலியில் இவ்வளவு, சேதாரத்தில் இவ்வளவு’ என்று வருகிறது. ஆடம்பர பிராண்டில் ஒரே தொகை. தங்கம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று பிரித்துச் சொல்வதில்லை. அதில் 20 சதவீதம் குறைத்தால், போன மாதம் முழு விலை கொடுத்தவரின் வளையலும் அன்றே மறுவிற்பனையில் இறங்கும். அந்த விலை இறங்காது என்ற நம்பிக்கையையும் சேர்த்துத்தான் அவர்கள் விற்கிறார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இந்தக் கட்டுரை முழுக்க 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்கும் நாளின் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். 5 லட்சம் விலை சொல்லும் ஒரு பிராண்டு வளையல், 18 காரட், 20 கிராம், கல் இல்லாதது என்று கொள்வோம். 18 காரட் என்றால் 75 சதவீதம் தங்கம். அதை 22 காரட்டாக மாற்றினால் 16.37 கிராம், மதிப்பு சுமார் 1,63,700 ரூபாய். விலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. மீதி வடிவமைப்பு, வேலைப்பாடு, பெயர், கடை வாடகை, சுங்க வரி.

இதை வங்கியில் அடகு வைத்தால் மதிப்பீட்டாளர் பெயரைப் பார்க்க மாட்டார். கல்லைக் கழிப்பார், 22 காரட் கணக்குக்கு மாற்றுவார். ரிசர்வ் வங்கி விதிப்படி 2.5 லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு அதிகபட்சம் மதிப்பில் 85 சதவீதம், அதாவது இந்த வளையலுக்கு 1,39,000 ரூபாய் சுமாருக்கு மேல் போகாது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ நகையை எடுத்துக்கொண்டு ஓடும் குடும்பம் என்றால் இந்த எண்ணை மனதில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அப்படிப்பட்ட தேவை இல்லாதவர், கைக்கு அழகாக ஒன்று வேண்டும், வாழ்நாள் முழுக்கப் போடுவேன் என்பவர், பிராண்டு வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே நகையில் எதிர்பார்க்கக் கூடாது.

பிராண்டுதான் வேண்டும் என்றால்

இணையத்தில் ‘கார்ட்டியர் 70 சதவீதத் தள்ளுபடி’ என்று வந்தால், மேலே சொன்ன காரணங்களால் அந்த வாசகமே போலி என்பதற்குச் சாட்சி. வேறு பரிசோதனை தேவையில்லை.

உண்மையான மிச்சம் மாடல் தேர்விலிருந்து தொடங்குகிறது. அதே வடிவம் பெரும்பாலும் கல் வைத்தது, கல் வைக்காதது, அகலமானது, மெல்லியது என்று பல வகையில் இருக்கும். சின்ன வைரங்கள் பதித்ததற்கும் சாதாவுக்கும் விலை வித்தியாசம் பெரிது. மறுவிற்பனையில் அந்தச் சின்னக் கற்களுக்கு மதிப்பு சொற்பம். ஆகவே கல் இல்லாத மெல்லிய மாடலை எடுப்பவர் முதலிலும் குறைவாகக் கொடுக்கிறார், கடைசியிலும் குறைவாக இழக்கிறார்.

வெளிநாட்டில் வாங்கி வரியைத் திரும்பப் பெறுவது இன்னொரு வழி. பிரான்சில் விலைக்குள் 20 சதவீத வாட் வரி அடங்கியிருக்கிறது. வெளியூர்ப் பயணிக்கு அதைத் திருப்பித் தரும் ஏற்பாடு உண்டு, ஆனால் இடைத்தரகு கழிந்து கைக்கு வருவது முழுத் தொகை இல்லை. லண்டனில் வாங்கிக் கையோடு எடுத்து வருபவருக்கு 2021 ஜனவரியிலிருந்து இந்தச் சலுகையே கிடையாது. இன்னமும் லண்டன் என்று நம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கும்போது நம் சுங்கம் காத்திருக்கும். பெண்களுக்கு 40 கிராம், ஆண்களுக்கு 20 கிராம் என்ற நகைச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் குடியிருந்து திரும்புபவருக்கு மட்டும். பத்து நாள் சுற்றுலா போய் வருபவருக்கு அது பொருந்தாது. வரி கட்ட வேண்டியதைச் சொல்லாமல் பச்சை வழியில் (வரி கட்ட எதுவும் இல்லை என்பவர்களுக்கான வழி) நடந்து மாட்டினால் நகையும் போகும், அபராதமும் வரும். சுங்க விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்புவதற்கு முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுங்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் பல பேருக்கு இந்த வழியில் லாபம் நிற்பதில்லை. ஆனால் ஓராண்டுக்கு மேல் துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்து ஊர் திரும்பும் குடியாத்தம், வாணியம்பாடிக்காரருக்கு அந்த நகைச் சலுகை இருப்பதால் அங்கே வாங்கி வருவது நல்ல வழி.

பெரிய மிச்சம் இருப்பது பயன்படுத்திய நகையில். புதிதாக வாங்கியவர் இழந்த தொகை உங்களுக்கு லாபம். ஆனால் இங்கே ஒரு பெரிய குழி இருக்கிறது. போலி செய்பவர்கள் இப்போது உண்மையான 18 காரட்டிலேயே செய்கிறார்கள். ஆகவே டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு தங்கம் என்ற தூய்மைச் சோதனை) பார்த்து 75 வந்தால் தங்கம் அசல் என்பதுதான் தெரியும், பிராண்டு அசல் என்பது தெரியாது. முதல் பில்லைக் கேளுங்கள். சான்றிதழில் உள்ள வரிசை எண்ணும் நகையின் உள்பக்கம் பொறித்த எண்ணும் ஒன்றா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்துகள் கூர்மையாக, ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். பலமுறை மெருகு போட்டதில் எழுத்து மழுங்கியிருக்கும், எடையும் குறைந்திருக்கும். முடிந்தால் டெல்லியிலோ மும்பையிலோ உள்ள பிராண்டின் கடையில் பழுதுபார்க்க ஏற்கிறார்களா என்று கேட்ட பிறகு பணம் கொடுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கடைவீதி: எந்தத் தள்ளுபடி உண்மையில் தள்ளுபடி?

பல ஊர்களில் கிளை வைத்த பெரிய கடையும், பஜாரில் இரண்டு தலைமுறையாக இருக்கும் கடையும் இந்த இடத்தில் ஒன்றுதான், கணக்கு ஒன்றே. இரண்டு சவரன் நெக்லஸ், 16 கிராம். தங்கம் 1,60,000.

முதல் கடை 18 சதவீதம் சேதாரம் சொல்கிறது, அதில் 25 சதவீதம் தள்ளுபடி என்று வாசலில் பேனர். சேதாரம் 28,800, தள்ளுபடி 7,200 போக 21,600. மொத்தம் 1,81,600, அதற்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. 5,448. கொடுப்பது 1,87,048.

இரண்டாவது கடையில் பேனரும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. சேதாரம் 12 சதவீதம், 19,200. மொத்தம் 1,79,200, ஜி.எஸ்.டி. 5,376. கொடுப்பது 1,84,576.

தள்ளுபடி இல்லாத கடை 2,472 ரூபாய் மலிவு. இதனால்தான் ‘எத்தனை பர்சன்ட் தள்ளுபடி’ என்று கேட்பதை விட்டு, ‘எல்லாம் கழிந்து சேதாரமும் செய்கூலியும் சேர்த்து எத்தனை பர்சன்ட்’ என்று கேட்க வேண்டும். அந்த ஒரு எண்ணை இரண்டு மூன்று கடையில் எழுதி வாங்கி ஒப்பிட்டால் போதும்.

அட்சய திருதியைக்கும் ஆடிக்கும் வரும் ‘கிராமுக்கு 100 ரூபாய் குறைவு’ என்பதையும் இதே தராசில் வையுங்கள். கிராம் 10,000 என்றால் 100 ரூபாய் என்பது சரியாக ஒரு சதவீதச் சேதாரத்துக்குச் சமம். இரண்டு சவரனுக்கு 1,600 ரூபாய். கூட்டத்தில் நெரிபட்டு அதைப் பெறுவதைவிட, கூட்டமில்லாத ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து 14 சதவீதத்தை 12க்குக் கொண்டுவருவது இரண்டு மடங்கு லாபம். கடைசியில் கேட்டால் குறைக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பில் போடும் முன், நகை தட்டில் இருக்கும்போது, மேலாளரிடம் கேட்டால் ஓரிரு சதவீதம் பெரும்பாலும் இறங்கும்.

சேதாரம் வேலைக்கு ஏற்ப மாறும். மிஷினில் செய்த செயினுக்கும் சாதா வளையலுக்கும் குறைவு. ஆன்டிக், நகாசு, கெட்டி வேலைக்கு அதிகம். அடகுக்கும் மாற்றுக்கும் உதவ வேண்டும் என்றால் சாதாவை எடுப்பதே நல்லது. வெறும் சேமிப்புதான் நோக்கம் என்றால் நகையே வேண்டாம், தங்கக் காசு போதும். கூலி மிகக் குறைவு.

கல் நகையில்தான் பணம் சத்தமில்லாமல் போகிறது. 16 கிராம் மொத்த எடையில் ஒன்றரை கிராம் கல்லும் அரக்கும் இருந்து, அதையும் தங்க விலையில் போட்டால் 15,000 ரூபாய் போயிற்று, அதன் மேல் சேதாரம் வேறு. பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். சேதாரம் நிகர எடைக்கு மட்டும். வைரமாக இருந்தால் 1 காரட் என்பது 0.2 கிராம். காரட்டில் எழுதிய கல் எடையைக் கிராமுக்கு மாற்றிக் கழித்திருக்கிறார்களா என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

ஹால்மார்க்கில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முக்கோணம், 22 காரட்டுக்கு 916 (அதாவது 91.6 சதவீதம் தங்கம்) என்ற எண், எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. என்ற ஆறு இலக்க அடையாள எண். 2023 ஏப்ரல் 1இலிருந்து ஹால்மார்க் நகையை இந்த ஆறு இலக்கம் இல்லாமல் விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைக் கடையில் உட்கார்ந்தபடியே போட்டுப் பாருங்கள். தூய்மையும் நகை வகையும் வரும். வளையலின் எண்ணைப் போட்டால் மோதிரம் என்று வந்தால் எழுந்து வந்துவிடலாம். ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ‘ஹால்மார்க் என்பதால் கிராமுக்கு இவ்வளவு கூட’ என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மாதச் சீட்டு பற்றி ஒரு வார்த்தை. கடைகளின் நகைச் சேமிப்புத் திட்டங்கள் 11 மாதத்தில் முடிவதற்குக் காரணம் இருக்கிறது. பொருளுக்கான முன்பணத்தை 365 நாளுக்கு மேல் வைத்திருந்தால் கம்பெனிச் சட்ட விதிப்படி அது டெபாசிட் ஆகிவிடும். ‘18 சதவீதம் வரை சேதாரம் இல்லை’ என்ற சலுகை நல்லதுதான். ஆனால் நீங்கள் எடுக்கும் சாதா வளையலுக்குச் சேதாரம் 8 சதவீதம் என்றால் உங்களுக்குக் கிடைத்த லாபம் 8 மட்டுமே. இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர் சேதாரம் அதிகமுள்ள நகையை எடுத்தால்தான் முழுப் பலன். பணமாக வரவு வைக்கிறார்களா, கட்டிய நாளின் விலையில் கிராமாக வரவு வைக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். விலை ஏறும் வருடத்தில் கிராம் வரவுதான் காப்பாற்றும். வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடு இதற்கு இல்லை. ஆகவே ஒரே கடையில் பெரிய தொகையை மாதாமாதம் கட்டாதீர்கள்.

பத்தரிடம் கொடுத்துச் செய்வது

பழைய தங்கம் வீட்டில் இருந்தால் மலிவான வழி இதுதான், அதே சமயம் கண் கொத்திப் பாம்பாக இருக்க வேண்டிய வழியும் இதுதான். கடையில் மாற்றினால் புது நகையின் முழு மதிப்புக்கும் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. பத்தரிடம் உங்கள் தங்கத்தையே கொடுத்துச் செய்தால், அவர் ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவராக இருந்தால் கூலிக்கு மட்டும் 5 சதவீதம். இரண்டரை லட்சம் மதிப்புள்ள நகைக்கு முதல் வழியில் 7,500, கூலி 20,000 என்றால் இரண்டாவது வழியில் 1,000.

உருக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பழைய நகை 24 கிராம். கல், அழுக்கு, அரக்கு எடுத்த பின் 22.8. உருக்கிக் கட்டியானதும் 22.4. டச் பார்த்தால் 89. ஏன் 91.6, அதாவது 916 வரவில்லை? பழைய நகையில் ஒவ்வொரு இணைப்பிலும் வைத்த பற்றாசுப் பொடி தூய்மையைக் குறைத்திருக்கும். இணைப்பு அதிகமுள்ள செயினிலும் ஜிமிக்கியிலும் குறைவு கூடுதலாகத் தெரியும், கெட்டி வளையலில் குறைவாகத் தெரியும். 22.4 கிராமில் 89 டச் என்றால் சுத்தத் தங்கம் 19.94 கிராம். 916 கணக்கில் 21.76 கிராம். உங்கள் கையில் உண்மையில் இருப்பது இந்த 21.76தான். யாரோடு பேரம் பேசினாலும் இதிலிருந்து தொடங்குங்கள்.

ஒழுங்கு இது: உருக்கும் முன் எடை, உங்கள் கண் முன்னே உருக்கல், கட்டியின் எடை, பிறகு டச் சீட்டு. இயந்திரத்தில் பார்க்கும் டச் மேற்பரப்பை மட்டும் படிக்கும். முலாம் பூசியது தப்பித்துவிடும் என்பதால் உருக்கிய கட்டியில் பார்ப்பதே சரி. அதன் பின் ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள்: கொடுத்த எடை, டச், திரும்பத் தரும் நகையின் எடை, டச், சேதாரம் எத்தனை மில்லிகிராம், கூலி எவ்வளவு, தேதி. வாய்ப்பேச்சில் விட்டால் பின்னால் மனக்கசப்புதான். சின்னப் பத்தர்களுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை விலக்கு உண்டு. அதனால் முடிந்த நகையை நீங்களே ஹால்மார்க் மையத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். நான்கு நகை வரை கட்டணம் 200 ரூபாய். நல்ல பத்தர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள்: கார்ட்டியர் வளையல் போலவே, பெயரும் பொறித்து. அது வணிகக் குறிச் சட்டத்துக்கு எதிரானது, மறுவிற்பனையிலும் ஒரு பைசாகூட அதிகம் கிடைக்காது. அந்த எளிமை பிடித்திருந்தால், ஒரே பட்டையாக, வேலைப்பாடில்லாத சாதா வளையலைச் சொல்லிச் செய்துகொள்ளலாம்.

வைர மோதிரத்துக்கு மட்டும் தனி வழி. ஜி.ஐ.ஏ. என்ற அமெரிக்க ரத்தின ஆய்வு நிறுவனத்தின் சான்றுள்ள கல்லைத் தனியாக வாங்கி, மோதிரத்தைத் தனியாகச் செய்வது பிராண்டு மோதிரத்தைவிட வெகு மலிவு. முழு எண்ணில் விலை தாவும் என்பதால் 1.00 காரட்டுக்குப் பதில் 0.90 எடுங்கள். விரலில் வித்தியாசம் தெரியாது. மஞ்சள் தங்கத்தில் பதிப்பதாக இருந்தால் சான்றிதழில் ஜி, எச் என்ற நிறத் தரம் போதும், சிறிதும் நிறமில்லாத டி, இ தரத்துக்குக் கொடுக்கும் பணம் அந்தத் தங்கத்தின் சாயலிலேயே மறைந்துவிடும். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் இன்னும் மலிவு, பார்வைக்கும் ஒன்றே, ஆனால் திருப்பி விற்கப் போனால் அநேகமாக ஒன்றும் வராது. போட்டு மகிழ மட்டும் வாங்கலாம்.

எந்தக் கடையானாலும் முழு பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2 லட்சத்துக்கு மேல் பான் எண் கேட்பார்கள், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது கடைக்குத் தடை. அந்தச் சங்கடத்துக்காக ‘துண்டுச் சீட்டு போதும், ஜி.எஸ்.டி. மிச்சம்’ என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். ஹால்மார்க் நகையில் தூய்மை குறைந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்று பி.ஐ.எஸ். விதி சொல்கிறது. 916 என்று பில் போட்ட 16 கிராம் நெக்லஸ் சோதனையில் 896 வந்தால், குறைந்த சுத்தத் தங்கம் 0.32 கிராம், இழப்பீடு சுமார் 7,000 ரூபாய். நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்த ஜி.எஸ்.டி. 5,000 சொச்சம். பில் இல்லையென்றால் அந்த 7,000ஐக் கேட்க உங்களிடம் காகிதமே இருக்காது.